ஒரு தடவை வரைந்தது பல தடவை உழைக்க வேண்டும்

வியாபாரிக்குக் கையிருப்பின் அருமை தெரியும். ஹாட்வெயார் கடையொன்றில் முக்கால் அங்குல எல்போ இரண்டு கேட்டால், கடைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துத் தருவான். எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்பது அவனுக்கு மனப்பாடம். அதே எல்போவைத் தேட அரை மணித்தியாலம் எடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சரக்கு இருந்தும் இல்லாத கடையாகிவிடும்.

கட்டிடங்களுக்குப் பிளான் வரையும் தொழிலில் ஈடுபட்டிருக்கும் பலர் இன்று இப்படியான கடையைத்தான் நடத்திக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சரக்கு கணினிக்குள் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடங்களாக வரைந்த நூற்றுக் கணக்கான படங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஆனால் தேவையானது தேவையான நேரத்தில் கைக்கு வருவதில்லை. ஆகவே வரைந்ததையே மீண்டும் வரைகிறார்கள். அல்லது அவசரத்தில் பிழையானதை எடுத்து ஒட்டி விடுகிறார்கள். இரண்டுமே நட்டம். இரண்டாவது பெரிய நட்டம்.

நான் கிழக்கிலங்கையில் சிறிய வரைபட அலுவலகமொன்றை நடத்தி வருபவன். அதற்கு முன்னர் சில வருடங்கள் கட்டாரில் டிராப்ட்ஸ்மனாக வேலை செய்தவன். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் கொன்ட்ராக்டர்களும், ஹாட்வெயார், அலுமினியம், டைல்ஸ் வியாபாரிகளும், கடையோ வீடோ கட்ட நினைத்திருப்பவர்களும் பலர் இருப்பீர்கள். உங்கள் எல்லோருடைய பணத்தோடும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

டீட்டெயில் என்றால் என்ன?

வீட்டுப் பிளான் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அறைகள் எங்கே, கதவு எங்கே என்று காட்டும் படம்தான். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ அனுமதி எடுப்பதற்கு அது போதுமாக இருக்கலாம். கட்டுவதற்கு அது போதாது. சுவர் அத்திவாரத்தோடு எப்படிச் சேர்கிறது, ஈரம் மேலே ஏறாமல் டி.பி.சி. எந்த மட்டத்தில் வருகிறது, ஜன்னலுக்கு மேலே லின்டல் எவ்வளவு தூரம் சுவருக்குள் போகிறது, குளியலறைத் தரை வெளித் தரையை விட எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும், கூரைத் தண்ணீர் பீலிக்குள் எப்படி விழுகிறது என்பவற்றையெல்லாம் பெருப்பித்து, வெட்டிக் காட்டும் சிறு படங்களைத்தான் டீட்டெயில் என்கிறோம்.

ஒவ்வொரு வீட்டின் அமைப்பும் வேறு. ஆனால் இந்தச் சேருமிடங்களில் பெரும்பாலானவை வீட்டுக்கு வீடு மாறுவதில்லை. டி.பி.சி. எல்லா வீட்டிலும் டி.பி.சி.தான். ஆகவேதான் ஒரு தடவை சரியாக வரைந்து, பொறுப்பானவர் பார்த்து ஒப்புக்கொண்ட டீட்டெயிலை மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தலாம். இவற்றையே ‘ஸ்டாண்டர்ட் டீட்டெயில்’ என்று அழைக்கிறார்கள்.

இது புதிய யோசனையல்ல. அமெரிக்காவில் ராம்சே, ஸ்லீப்பர் என்ற இருவர் தொகுத்த ‘ஆர்க்கிடெக்சரல் கிராபிக் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்ற புத்தகம் 1932 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ஜேர்மனியில் எர்ன்ஸ்ட் நோய்ஃபர்ட் தொகுத்த அளவுப் புத்தகம் 1936 இல் வந்தது. கட்டிடக் கலைஞர்களின் மேசைகளில் இவை இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ட்ரேசிங் தாளை மேலே வைத்துப் பிரதி எடுத்தார்கள். 1982 இல் ஆட்டோகேட் வந்த பிறகு அதே வேலை இரண்டு பட்டன்களில் முடிகிறது. வேலை இலகுவானதோடு கவனமும் குறைந்து போனதுதான் வந்த வினை.

நட்டக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக்குப் 12 டீட்டெயில்கள் தேவை என்றும், ஒன்றை வரைய 2 மணித்தியாலம் எடுக்கும் என்றும் வைத்துக் கொள்வோம். மொத்தம் 24 மணித்தியாலம், அதாவது மூன்று வேலை நாட்கள். டிராப்ட்ஸ்மனின் நாட்சம்பளம் ரூபா 3,000 என்றால் ஒரு வீட்டுக்கு ரூபா 9,000. மாதம் நான்கு வீடு வரையும் அலுவலகத்துக்கு ரூபா 36,000. இந்த 12 இல் 9 டீட்டெயில்களைத் தயாராக எடுத்து வைக்கக் கூடியதாக இருந்தால் மாதம் ரூபா 27,000 மிஞ்சும். சின்ன அலுவலகமொன்றின் வாடகையும் மின்சாரக் கட்டணமும் அதற்குள் அடங்கி விடலாம். உங்கள் சொந்த இலக்கங்களைப் போட்டுப் பாருங்கள், உண்மை விளங்கும்.

இது கண்ணுக்குத் தெரியும் நட்டம். கண்ணுக்குத் தெரியாத நட்டத்துக்கு நானறிந்த சம்பவமொன்றைச் சொல்கிறேன்.

புடவை வியாபாரி ஒருவர் கீழே கடையும் மேலே களஞ்சியமுமாக இரண்டு மாடிக் கட்டிடம் கட்டினார். மேலே திறந்த சிலாப், சுற்றிவரப் பரப்பெட் சுவர். கட்டி முடித்து முதல் மாரி மழையிலேயே சிலாப்பும் சுவரும் சேருமிடத்தால் தண்ணீர் இறங்கியது. களஞ்சியத்தில் பெருநாள் விற்பனைக்கென்று கடனுக்கு எடுத்து வைத்திருந்த துணிக் கட்டுகள் நனைந்து கறை பிடித்தன. காரணம் என்னவென்று பார்த்துத் தரும்படி என்னை அழைத்தார்.

நான் முதலில் கேட்டது வரைபடத்தைத்தான். அதில் பரப்பெட் டீட்டெயில் இருந்தது. அழகாகவும் வரையப்பட்டிருந்தது. ஆனால் அதன் ஓரத்தில், ‘மேலே கூரை ஷீட், மரச்சட்டம் பிளானில் உள்ளவாறு’ என்று ஒரு குறிப்பும் இருந்தது. இந்தக் கட்டிடத்திலோ கூரை ஷீட்டே கிடையாது! வேறொரு கட்டிடத்துக்காக, மேலே கூரை வரும் சிலாப்புக்காக வரைந்த டீட்டெயிலை எடுத்துத் திறந்த சிலாப்புக்கு ஒட்டியிருக்கிறார்கள். கூரை இருந்தால் சிலாப்பில் மழை விழாது, ஆகவே வோட்டர்புரூபிங் காட்டப்படவில்லை. திறந்த சிலாப் என்றால் தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும், 80 இற்கு 1 என்பது வழக்கம். வோட்டர்புரூபிங் படலம் சுவரோரத்தில் முடிந்த தரைக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீற்றர் ஏறி நிற்க வேண்டும். இவை ஒன்றும் அந்தப் படத்தில் இல்லை. மேசன் பாஸ் படத்தில் இருந்ததைத்தான் செய்தார்.

படம் வரைந்தவர்கள் கட்டியவரைக் காட்டினார்கள். கட்டியவர் படத்தைக் காட்டினார். கடைசியில் செலவு முழுவதும் கடைக்காரரின் தலையில் விழுந்தது. முடித்த தரையை உடைத்துச் சரிவு போட்டு, வோட்டர்புரூபிங் செய்து, சுவரை மீண்டும் பூசி எடுத்தார்கள். நனைந்த சரக்கின் நட்டம் வேறு. அந்த டீட்டெயிலைப் புதிதாக வரைந்திருந்தால்கூட அரை நாள் வேலைதான்.

வரைந்த பிள்ளைக்குத் தொழில் தெரியாமல் நடந்ததல்ல இது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு டீட்டெயில்கள் பெயரில்லாமல் பழைய வேலைகளுக்குள் ஒளிந்து கிடந்ததுதான் காரணம். ‘போன வருடம் செய்த வீட்டில் இருக்கிறது, அதிலிருந்து கொப்பி பண்ணு’ என்று சொல்லும் அலுவலகம் எதிலும் இது நடக்கலாம்.

பெட்டிக்குப் பெயர் போடுங்கள்

கட்டாரில் நான் வேலை செய்த இடத்தில் பழைய வேலையிலிருந்து கொப்பி பண்ணுவதற்கு அனுமதி இல்லை. டீட்டெயில்கள் எல்லாம் தனியாக ஒரு கோப்புறையில், இலக்கமிட்டு இருந்தன. அங்கே பின்பற்றியது அமெரிக்காவின் ‘மாஸ்டர்ஃபோர்மட்’ இலக்க முறை. முன்பு 16 பிரிவுகளாக இருந்த அந்த முறை 2004 இல் 50 பிரிவுகளாக விரிவாக்கப்பட்டது. அதில் 03 என்றால் கொங்கிரீட், 04 கட்டு வேலை, 07 நீர் மற்றும் வெப்பத் தடுப்பு, 08 கதவு ஜன்னல், 09 பூச்சும் தரையும் போன்ற முடிப்பு வேலைகள். எந்த நாட்டிலிருந்து வந்த டிராப்ட்ஸ்மனும் முதல் நாளிலேயே தேடி எடுத்துக் கொள்வார்.

எமது சின்ன அலுவலகங்களுக்கு 50 பிரிவு தேவையில்லை. கட்டிடம் எழும்பும் ஒழுங்கிலேயே பத்துப் பிரிவு போதும்: 01 அத்திவாரம், 02 சுவர், 03 தூண் பீம் சிலாப், 04 படிக்கட்டு, 05 கூரையும் திறந்த சிலாப்பும், 06 கதவு ஜன்னல், 07 குளியலறை மலசலகூடம், 08 நீரும் கழிவு நீரும், 09 மின்சாரம், 10 மதிலும் கேற்றும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 001 இலிருந்து தொடர் இலக்கம். ஒரு டீட்டெயிலுக்கு ஒரு கோப்பு. ஒரு கோப்புக்கு ஒரு பெயர்.

பெயரில்தான் விடயமே இருக்கிறது. ‘பரப்பெட் 2 புதியது கடைசி’ என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் வைத்தவருக்கே விளங்காது. ‘05-012 பரப்பெட், திறந்த சிலாப்’, ‘05-013 பரப்பெட், மேலே கூரை’ என்று பெயர் வைத்திருந்தால் அந்தப் புடவை வியாபாரியின் சரக்கு நனைந்திருக்காது. எது என்பதோடு எங்கே பாவிக்க வேண்டும் என்பதையும் பெயர் சொல்ல வேண்டும். கடைசியில் திருத்திய ஆண்டும் மாதமும் இருக்க வேண்டும்.

ஆட்டோகேட் பாவிப்பவர்களுக்கு

ஆட்டோகேட்டில் ஒரு டீட்டெயிலைத் தனிக் கோப்பாக வெளியே எழுதுவதற்கு ‘டபிள்யூ-புளொக்’ கட்டளை இருக்கிறது. எழுதுவதற்கு முன்னர் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, தேவையில்லாத லேயர்களையும் பழைய புளொக்குகளையும் ‘பேர்ஜ்’ செய்து துடைத்து விடுங்கள். இல்லாவிட்டால் பழைய வீட்டின் குப்பை புதிய வீட்டுக்கும் வரும். இரண்டாவது, அலகு. ஒருவர் மில்லிமீற்றரில் வரைந்து, மற்றவர் அங்குலத்தில் வரைந்து, கோப்பில் அலகைக் குறிக்காமல் விட்டால் செருகும்போது படம் 25.4 மடங்கு பெருத்தோ சிறுத்தோ வரும். பாஸ்மாருக்கு அடி அங்குலம்தான் விளங்கும் என்றால் அளவை இரண்டிலும் எழுதுங்கள். ஆனால் வரைவது ஒரே அலகில் இருக்கட்டும். மூன்றாவது, எழுத்தின் அளவு. 10 இற்கு 1 அளவில் வரையும் டீட்டெயிலின் எழுத்து, 100 இற்கு 1 அளவிலுள்ள பிளானின் எழுத்தோடு தாளில் சமனாக வர வேண்டும். 2008 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இருக்கும் ‘அனோட்டேட்டிவ்’ வசதி இதைத் தானாகவே பார்த்துக் கொள்கிறது.

கோப்புகள் தயாரானதும் அவற்றை ‘டூல் பலட்’டில் அடுக்கி வையுங்கள். ஹாட்வெயார் கடைத் தட்டு மாதிரித்தான். படத்தைப் பார்த்து இழுத்துப் போட வேண்டியதுதான். ‘டிசைன் சென்டர்’ ஊடாகவும் தேடி எடுக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூலக் கோப்பை ‘எக்ஸ்-ரெஃப்’ ஆக இணைத்தால், மூலத்தைத் திருத்தும்போது இணைத்த வேலைகள் எல்லாவற்றிலும் அது மாறிவிடும். கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் போன வருடம் கையொப்பமிட்டுக் கொடுத்து, அதன்படி கட்டியும் முடித்த வீட்டின் படமும் மாறிவிடும். நாளைக்கு ஒரு பிணக்கு வந்தால் நீங்கள் எதைக் கொடுத்தீர்கள் என்று காட்ட முடியாது. ஆகவே வெளியே கொடுக்கும் படங்களில் புளொக்காகச் செருகுவதே பாதுகாப்பு. கொடுத்த நாளின் பி.டி.எஃப். பிரதியையும் அந்த வேலையின் கோப்புறையில் போட்டு வையுங்கள்.

ரெவிட் பாவிப்பவர்களுக்கு

ரெவிட் மென்பொருளை ஓட்டோடெஸ்க் நிறுவனம் 2002 இல் வாங்கியது. இப்போது வளைகுடாவில் வேலை தேடிப் போகும் எமது பிள்ளைகளிடம் ரெவிட் தெரியுமா என்றுதான் பல இடங்களிலும் கேட்கிறார்கள். அதில் வீடு முழுவதும் முப்பரிமாண மாதிரியாக இருக்கும். ஆனால் எல்லா டீட்டெயிலையும் மாதிரிக்குள் கட்டி எழுப்ப வேண்டியதில்லை. ‘டிராப்டிங் வியூ’ என்ற தனித் தாள்களில் அவற்றை வரைந்து கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டீட்டெயில்கள் மட்டும் உள்ள ஒரு தனி ரெவிட் கோப்பைத் தயாரியுங்கள். அதுவே உங்கள் களஞ்சியம். புதிய வேலை வந்ததும் ‘கோப்பிலிருந்து வியூ செருகு’ என்ற வசதியின் ஊடாக வேண்டியதை மட்டும் எடுத்துக் கொள்ளலாம். செங்கல், கம்பி, மரம் போன்ற திரும்பத் திரும்ப வருபவற்றை வெறும் கோடுகளாக வரையாமல் ‘டீட்டெயில் கொம்பொனன்ட்’ ஆகச் செய்தால், ஒன்றைத் திருத்தி அந்த வேலைக்குள் ஏற்றியதும் அங்கே அது வரும் இடமெல்லாம் திருந்தும்.

ஆட்டோகேட் கோப்பைப் பழைய பதிப்புக்கு மாற்றிச் சேமிக்கலாம். ரெவிட்டில் அது முடியாது. புதிய பதிப்பில் ஒரு தடவை சேமித்தால் பழைய பதிப்பு அதைத் திறக்காது. ஆகவே களஞ்சியக் கோப்பைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது பழைய பிரதியையும் வைத்துக் கொள்ளுங்கள்.

சாவி ஒருவரிடம்

எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும், எல்லோரும் மாற்றலாம் என்றால் மூன்று மாதத்தில் மீண்டும் குப்பைதான். மூலக் கோப்புறையைப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி கொடுங்கள். மாற்றும் அனுமதி ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். என்ன மாற்றம், ஏன், எந்தத் திகதி என்று ஒரு சாதாரணக் கொப்பியில் எழுதி வைத்தாலே போதும்.

திருத்தம் எங்கிருந்து வர வேண்டும்? கட்டுமிடத்திலிருந்து. ‘இந்தக் கம்பியை இப்படி வளைத்தால் கொங்கிரீட் உள்ளே இறங்காது’ என்று ஒரு பாஸ் சொன்னால் அது பெறுமதியான பேச்சு. எனது அலுவலகத்தில் வேலை முடிந்ததும் பாஸிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘எந்தப் படம் கஷ்டப்படுத்தியது?’ அந்தப் பதிலுக்குப் பிறகுதான் டீட்டெயில் திருந்துகிறது.

டீட்டெயிலுக்குள் பிராண்ட் பெயர் எழுதாமல் தரத்தை எழுதுவதும் முக்கியம். 2020 இல் டைல்ஸ், குளியலறைச் சாமான்கள் உட்படப் பல பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. குறிப்பிட்ட நாட்டின் குறிப்பிட்ட பொருளை எழுதியிருந்த படங்கள் அப்போது பயனற்றுப் போயின. தடிப்பு, தரம், அளவு என்று எழுதியிருந்த படங்கள் நின்று பிடித்தன.

சட்டங்களும் மாறும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள் 1986 இல் வந்தவை. 2021 இல் புதியவை வர்த்தமானியில் வெளிவந்தன. அதற்கு முன்னர் வரைந்த படிக்கட்டு, காற்றோட்ட டீட்டெயில்களை மீண்டும் சரிபார்க்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் ஆக்க முடியுமா?

முடியாது. அத்திவாரத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது மண். கடலோர மணலுக்கும் வயலை நிரப்பிய காணிக்கும் ஒரே அத்திவாரம் பொருந்தாது. பீமுக்கும் சிலாப்புக்கும் எத்தனை கம்பி என்பதை நீளமும் பாரமும் தீர்மானிக்கின்றன. அதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும். கடல் காற்றுப் படும் இடத்தில் கம்பிக்கு மேலே கொங்கிரீட் மூடி கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்து வெடித்துவிடும். இவ்வாறானவற்றில் இலக்கத்தை வெறுமையாக விட்டு, ‘பொறியியலாளர் நிரப்ப வேண்டும்’ என்று எழுதிய படமே ஸ்டாண்டர்ட் ஆக இருக்கட்டும். வெற்றிடம் கேள்வி கேட்க வைக்கும். பழைய இலக்கம் வாயை மூட வைக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு எமது கரையோரத்தில் ஒரே பிளானில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பியதைப் பார்த்திருக்கிறோம். ஒரு டீட்டெயில் சரியென்றால் அத்தனை வீட்டிலும் சரி. பிழையென்றால் அத்தனை வீட்டிலும் பிழை. ஸ்டாண்டர்ட் என்பதற்கு இந்த இரண்டு முகங்களும் உண்டு.

ஏனைய வியாபாரிகளுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. அலுமினிய ஜன்னல் செய்பவர், தான் பாவிக்கும் செக்ஷன்களின் டீட்டெயில்களைச் சரியாக வரைவித்து, சுவரில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையும் காட்டி, ஊரிலுள்ள டிராப்ட்ஸ்மன்மாருக்கு இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் வரையும் வீடுகளில் உங்கள் அளவுகளே வரும். கட்டுபவர் விலை கேட்க உங்களிடமே வருவார். வெளிநாட்டுக் கம்பனிகள் நீண்ட காலமாகச் செய்துவரும் வியாபார உத்தி இது. தண்ணீர்த் தாங்கி, கூரை ஷீட், வோட்டர்புரூபிங் சாமான் விற்பவர்களும் செய்யலாம்.

கட்டப் போகிறவர்கள் பிளானுக்குப் பணம் கொடுக்கும்போது ‘டீட்டெயில் எத்தனை தருவீர்கள்?’ என்று கேளுங்கள். குளியலறை, படிக்கட்டு, சிலாப் ஓரம், கூரை பீலி ஆகிய நான்கும் இல்லாத படத்தை வாங்காதீர்கள். கிடைத்த படத்திலுள்ள குறிப்புகள் உங்கள் கட்டிடத்தைப் பற்றியவைதானா என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அதற்குப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.

உரிமையும் பாதுகாப்பும்

நானறிந்த ஒரு அலுவலகத்தில் ஒரே டிராப்ட்ஸ்மன் பத்து வருடம் இருந்தார். வெளிநாட்டு விசா வந்ததும் போய்விட்டார். படங்கள் அவரது மடிக்கணினியில், எது எங்கே என்பது அவரது தலையில். முதலாளியிடம் மிஞ்சியது பெயர்ப் பலகை மட்டும்தான். யாரிலும் குற்றம் சொல்வதற்கில்லை. இப்படியான நிலைக்கு இடம் வைக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தொழிலின் போது ஊழியர் உருவாக்கிய ஆக்கத்தின் பொருளாதார உரிமை முதலாளிக்கே உரியது. ஆனால் கோப்பு கையில் இல்லாவிட்டால் சட்டத்தை வைத்து வீடு வரைய முடியாது. நாளாந்தம் ஒரு பிரதி அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

அதே சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. களவாகப் பிரதி செய்த மென்பொருளில் தொழிலைக் கட்டுவது பிறர் காணியில் கடை கட்டுவது போன்றது. ஓட்டோடெஸ்க் 2016 முதல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, வருடச் சந்தா முறைக்கு மாறிவிட்டது. அது பாரமென்றால் விலை குறைந்த ஆட்டோகேட் எல்.டி. இருக்கிறது. புளொக், டூல் பலட் எல்லாம் அதிலும் உண்டு. இரு பரிமாண வரைபுக்கு ‘லிப்ரேகேட்’ முற்றிலும் இலவசம், அதற்குள்ளும் படங்களை அடுக்கி வைக்கும் நூலக வசதி இருக்கிறது.

இருநூறு டீட்டெயிலை ஒரே மாதத்தில் ஒழுங்குபடுத்தப் புறப்படுபவர்கள் முப்பதோடு களைத்து விடுவார்கள். அடிக்கடி தேவைப்படும் பத்தை மட்டும் முதலில் எடுங்கள்: டி.பி.சி., லின்டல், ஜன்னல் அடிக்கட்டு, படிக்கட்டு, திறந்த சிலாப் ஓரம், கூரை பீலி, குளியலறைத் தரை, கழிவு நீர்க் குழி மூடி, மலசலகூடக் குழி, மதில். துடைத்து, பெயரிட்டு, பொறுப்பானவரிடம் காட்டி, பூட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு புதிய வேலையிலிருந்தும் ஒன்றோ இரண்டோ சேருங்கள். ஒரு வருடத்தில் உங்கள் தட்டு நிறைந்திருக்கும்.